கடலோர வீட்டுப் பந்தி



இந்த வாரம் எங்கள் கனகசெட்டிக்குளத்து வீட்டில், எலும்போடு நறுக்கிய பன்றி இறைச்சியைச் சீன முறையில் சமைத்தோம். இருபுறமும் சிவக்க வறுத்து, அன்னாசி, வினிகர், சர்க்கரை, சோயா சாஸ், இஞ்சி சேர்த்துக் கொதித்த சாற்றில் முழுதும் வேகவிட்டோம். அன்னாசி தென் அமெரிக்காவின் கனி. போர்த்துகீசியரோடு இந்தியா வந்தது. சோயா சீனத்தின் பயறு. ஒரே தட்டில் எத்தனை தேசங்கள்!

அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். யோப்பாவில், கடலோரத்தில், தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் பேதுரு பசியோடிருந்தபோதே அந்தத் தரிசனம் வந்தது. அது உணவைப் பற்றித் தொடங்கி, கொர்நேலியு என்னும் புறஜாதி மனிதரின் வீட்டு வாசலில் முடிந்தது.

ரோமர் 14ஆம் அதிகாரமோ மறுபுறத்தைக் காட்டுகிறது. எங்கள் பந்திக்கு வந்தவர்களில் ஒருவர் பன்றி இறைச்சி உண்பதில்லை. ஆகவே சாற்றில் பாதியை முன்னமே எடுத்துவைத்து, தனிச் சட்டியில் அவருக்குக் கோழி சமைத்தோம். புசிக்க நமக்குச் சுதந்தரமுண்டு. அதனால் ஒருவர் பந்தியைவிட்டு எழுந்துபோக நேரிட்டால், அச்சுதந்தரத்தால் யாருக்கு என்ன பயன்?

உங்கள் பந்தியில் இன்னும் இடம் கிடைக்காதவர் யார்? அவருக்காக ஒரு சட்டியைத் தனியே அடுப்பிலேற்றுங்கள். கர்த்தர் உங்கள் இல்லத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.