மவுஸ் யார் கையில்?

பி.எட். படிக்கும் தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணே, கற்றல் கோட்பாட்டை வகுப்பறைத் தொழில்நுட்பத்தோட இணைச்சு அசைன்மென்ட் எழுதணும். வைகாட்ஸ்கி, பேப்பர்ட் எல்லாம் எழுதிட்டேன். உதாரணம்தான் கிடைக்கல."

எனக்கு நான் படித்த பள்ளியின் கம்ப்யூட்டர் அறைதான் நினைவுக்கு வந்தது. ஆறு கம்ப்யூட்டர், நாற்பது பேர். ஊர்ப் பிள்ளைகள் நாற்காலியில் இருப்பார்கள். காலனிப் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்போம். அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் நான் மவுஸைத் தொட்டது மூன்று முறை. ரெக்கார்டு நோட்டில் மட்டும் எல்லாப் பயிற்சிக்கும் ஆசிரியர் கையெழுத்து இருந்தது.

ஒரு பிள்ளை தனியாகச் செய்ய முடியாததை, தெரிந்தவர் துணையிருந்தால் செய்துவிடும். கற்றல் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்றார் வைகாட்ஸ்கி. சரிதான். ஆனால் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்யும் வகுப்பில்? அம்பேத்கர் பள்ளியில் கணக்குப் போட எழுந்தபோது, கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்களை எடுக்க மற்ற மாணவர்கள் ஓடினார்கள். கரும்பலகையும் அன்றைய தொழில்நுட்பம்தானே.

பிள்ளை கம்ப்யூட்டரை இயக்க வேண்டும், கம்ப்யூட்டர் பிள்ளையை அல்ல என்று பேப்பர்ட் 1980-லேயே எழுதிவிட்டார். நாமோ ஸ்மார்ட் போர்டில் வீடியோவை ஓடவிட்டு, கைகட்டி உட்காரச் சொல்கிறோம். பாவ்லோ ஃப்ரெய்ரே சாடிய வங்கிக் கல்விக்கு ஏ.டி.எம். வைத்தது போல!

எங்கள் மாலை வகுப்பில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் இரண்டு இருக்கின்றன. ஒரே விதி: தெரிந்தவர் வாயால் சொல்லலாம், கை வைக்கக் கூடாது. பெரிய பையன்களுக்குக் கை பரபரக்கும். எனக்கும்தான். ஏழாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி, ஒரு மாதம் காலனித் தொட்டிக்கும் ஊர்த் தொட்டிக்கும் தண்ணீர் வந்த நாட்களைக் குறித்துவந்து எக்செல்லில் ஏற்றினாள். பட்டை வரைபடம் வர இரண்டு சாயங்காலம் ஆனது. ஊர்ப் பட்டை நெட்டை, எங்களது குட்டை.

அதைக் கிராம சபைக்குக் கொண்டுபோனோம். "இத யாரு போட்டுக் குடுத்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். அவள்தான் எழுந்து நின்றாள்.

தண்ணீர் இன்னும் ஒழுங்காக வரவில்லை. இந்த மாதக் கணக்கை அவளோடு சேர்ந்து நான்கு பேர் குறிக்கிறார்கள். தம்பி, உதாரணத்துக்கு இதை எழுதிக்கொள்ளுங்கள்.