பழைய பெட்டியும் புதிய கம்பியும்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மூலையொன்றில், துணியாற் போர்த்தப்பட்டு, நெடுங்காலம் ஒரு கணினி கிடந்தது. 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்த என் தந்தையார், பிறர் பாவித்ததை வாங்கிய 486 வகைக் கணினி அது. மாலைதோறும் அதன்முன் அமர்ந்து, எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டி, எதையோ எழுதுவார். கேட்டால், "முடியட்டும், வாசிக்கலாம்" என்பார். முடிந்ததோ இல்லையோ, 2004 இல் அவர் கண்மூடினார்.

சென்ற ஆண்டு சுவருக்கு வெள்ளை பூசுகையில், அதை எறிந்துவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. எறியுமுன் மின்னிணைப்பைக் கொடுத்துப் பார்த்தேன். உள்ளிருந்த சிறு மின்கலம் செத்திருந்தமையால், திகதியையும் வன்தட்டின் அளவையும் நாமே அதற்குச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது. பின்னர் விண்டோஸ் 95 மெல்ல விழித்தது. ஐயாவின் கோப்புகளும் அப்படியே இருந்தன. திறந்து வாசிக்க மனம் துடித்தது. ஆயினும், வன்தட்டு எழுப்பிய உறுமலைக் கேட்டதும், முதலிற் காப்பாற்றுவோம், பின்னர் வாசிப்போம் என்று துணிந்தேன்.

எப்படிக் காப்பாற்றுவது? நெகிழ்தட்டுகளிற் பூஞ்சணம் படர்ந்திருந்தது. வன்தட்டைக் கழற்றும்படி திருத்துநர் ஒருவர் சொன்னார். அந்த முதிய தட்டை அசைக்க எனக்குத் துணிவில்லை. "வீட்டு வலையமைப்போடு இணைத்துப் பார்ப்போமே, அப்பா" என்றாள் மகள்.

பழைய பொருட்கடையொன்றில், 'என்.இ. 2000' வகையைச் சார்ந்த வலையமைப்பு அட்டை அகப்பட்டது. பொருத்தினோம், அது வாய் திறக்கவில்லை. இரண்டு நாட்கள் கழிந்த பின்னரே காரணம் புரிந்தது. கணினியிலுள்ள ஒவ்வொரு கருவியும் செயலியின் கவனத்தை அழைக்கத் தனக்கென ஓர் இலக்கம் வைத்திருக்கும். அட்டைக்கு அமைக்கப்பட்டிருந்த 3 ஆம் இலக்கம், முன்னரே இரண்டாவது தொடர்த்துறைக்கு உரியதாயிருந்தது. ஒரே பெயரில் இருவரை அழைத்தால் யார்தான் திரும்பிப் பார்ப்பார்? அட்டையிலிருந்த சிறு செருகியை மாற்றி 10 ஆம் இலக்கத்தைக் கொடுத்தோம்.

கம்பியின் மறுமுனையை வீட்டு ரவுட்டரில் மாட்டியதும், பச்சை விளக்கு மின்னியது. பழைய அட்டையின் வேகம் விநாடிக்கு 10 மெகாபிற்று. ரவுட்டரின் வேகம் 1000. எனினும், எதிரேயிருப்பதன் வேகத்தை அறிந்து, புதியது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இரண்டும் பேசும் விதிகள் 1981 இல் வகுக்கப்பட்டவை; இன்றும் வழக்கொழியவில்லை. பழைய கணினியிலிருந்து மகளின் மடிக்கணினிக்கு ஓர் அழைப்பை அனுப்பினோம்.

"அப்பா, பதில் வந்திட்டுது!" என்று அவள் துள்ளினாள். நான்கு வரிகளில் நான்கு பதில்கள்!

மாணவர்கள் ஒன்றை மறக்கலாகாது. விண்டோஸ் 95 க்கான ஆதரவு 2001 இன் இறுதியிலேயே நின்றுவிட்டது. காவலற்ற அக் கணினியை வெளியுலக இணையத்தில் விடுவது ஆபத்து. ஆதலால், வெளி இணைப்பைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடர்ந்தோம். கோப்புறையைப் பகிரும் பழைய முறையைப் பாதுகாப்புக் கருதிப் புதிய கணினி மறுத்துவிட்டது. 1971 இல் முதன்முதல் வகுக்கப்பட்ட 'எஃப்.ரி.பி.' என்னும் கோப்புப் பரிமாற்ற முறையே கைகொடுத்தது. சில நிமிடங்களில் எல்லாக் கோப்புகளும் வந்து சேர்ந்தன.

ஆனால், மடிக்கணினியில் முதற் கோப்பைத் திறந்த மகளின் முகம் வாடியது. திரை நிறைய ஆங்கில எழுத்துகள், எதற்கும் பொருளில்லை. முதற் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றிருந்தது. ஐயா தட்டெழுதிய பாமினி எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை என்பது எனக்கு விளங்கிற்று. அதனை நிறுவியதும், அந்த ஐந்து குறிகளும் ஒன்றுகூடி, "அம்மா" என்று நின்றன.

தம் தாயாரைப் பற்றியும், விட்டுவந்த வீட்டையும் கிணற்றடியையும் பற்றியும் ஐயா எழுதியிருந்தார். கடைசிக் கோப்பு பாதி வாக்கியத்தில் நின்றது. அன்றிரவே யாவற்றையும் யுனிக்கோட்டுக்கு மாற்றிக் கனடாவிலுள்ள தங்கைக்கு அனுப்பினேன். விடியுமுன் அவள் அழைத்தாள். நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டு மூலையிலும் இத்தகைய பெட்டியொன்று கிடக்கலாம். எறியுமுன், ஒருமுறை அதனைப் பேசவிட்டுப் பாருங்கள்.