சல்லிக் கற்கள்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவன், ஓய்வு பெற்ற பின்னர் அரிதட்டும் கையுமாகக் கல் தூள் அரித்துக்கொண்டிருந்தான் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். கடந்த பாடசாலை விடுமுறையில் நான் செய்த வேலை அதுதான்.

பன்னிரண்டு வயதான என் பேரனுக்கு அவனுடைய மாமன் வெளிநாட்டிலிருந்து ஒரு மாதிரிப் புகையிரதம் அனுப்பியிருந்தார். உண்மையான வண்டியை 87 பங்காகச் சுருக்கிச் செய்யும் வகை அது. அதன் தண்டவாளங்களுக்கிடையேயான அகலம் 16.5 மில்லிமீற்றர். எங்கள் நாட்டு அகலப் பாதையின் 1676 மில்லிமீற்றரைச் சுருக்கினால் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரவேண்டும். அந்தக் குறையைப் பொருட்படுத்தாமல், அதை யாழ்தேவி என்றும், பலகையில் ஆணியடித்த பாதையை மீசாலை என்றும் பெயரிட்டுக்கொண்டோம். மீசாலை நான் பிறந்த ஊர்.

பாதை பொருத்தியாயிற்று; வண்டியும் ஓடிற்று. எனினும் அது விளையாட்டுப் பொருளாகவே தெரிந்தது. காரணத்தைப் பேரன்தான் கண்டுபிடித்தான்.

"அப்பப்பா, கீழை கல்லு இல்லை."

புகையிரதப் பாதைக்குச் சல்லிக் கல் அழகுக்காகப் போடப்படுவதன்று. வண்டியின் பாரத்தைச் சிலிப்பர் கட்டைகளிடமிருந்து வாங்கி நிலத்தில் பரப்புவது, கட்டைகள் அசையாமல் பிடித்துக்கொள்வது, மழைநீரைத் தேங்கவிடாமல் வடியச் செய்வது ஆகியன அதன் பணிகள். அதனாலேயே உடைத்த கருங்கல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூரிய முனைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். உருண்டைக் கல் உருண்டு விலகிவிடும்.

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் முதலில் கொண்டுவந்தது கடற்கரை மணல். காசு மிச்சம் என்ற எண்ணம்தான். மணலுக்குள் ஒரு காந்தத்தை விட்டுப் பார்த்தபோது கருந்துகள்கள் மயிர்போல ஒட்டிக்கொண்டு வந்தன. புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று அகழப்படும் நாடல்லவா இது! அத்தகைய துகள்கள் வண்டியின் மோட்டருக்குள் இருக்கும் காந்தத்தில் ஒட்டினால் மோட்டர் கெடும். மணலிலுள்ள உப்போ உலோகத்தை அரிக்கும். மணலைக் கொட்டிவிட்டோம்.

கடைகளில் இதற்கென்றே பொதிகள் உண்டு. சில நிறுவனங்கள் அக்ரூட் கொட்டையின் ஓட்டை அரைத்துச் சாயமிட்டு விற்கின்றன. பாரம் குறைந்த அந்தத் துகள்கள், பசைநீர் விட்டதும் மிதந்து இடம்மாறும். ஆகவே வீடு கட்டுமிடம் ஒன்றில் கருங்கல் தூள் வாங்கி, கழுவிக் காயவைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அரித்தேன். பாதையிலுள்ள 50 மில்லிமீற்றர்க் கல்லை 87 ஆல் வகுத்தால் அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் அந்த அளவே சரி. அதனிலும் பெரிதாக இட்டால் பாறைகளுக்கு நடுவே வண்டி ஓடுவதுபோல இருக்கும்.

பரப்புவதற்குக் கரண்டியும் மென்மையான தூரிகையும் போதும். கட்டைகளின் மேற்புறம் தெரியவேண்டும். ஓரம் சரிவாக இறங்கவேண்டும். பாதை பிரியும் இடத்தில் அசையும் பகுதிக்குள் ஒரு மணிகூட விழக்கூடாது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தோம். பிறகு வெள்ளைப் பசையைச் சம அளவு நீரில் கரைத்துச் சொட்டுமருந்துக் குப்பியால் விட்டேன். பசை உள்ளே இறங்காமல் முத்துமுத்தாகத் திரண்டு, கற்களைச் சுருட்டிக்கொண்டு குழிகளை உண்டாக்கிற்று. இரண்டு நாள் உழைப்பு வீண். பசை விடுமுன்னர், பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி கலந்த நீரை மெல்லிய தூவலாகத் தெளித்துக் கற்களை நனைக்கவேண்டும் என்பதைப் பின்னரே அறிந்தேன். நனைந்த கல் பசையைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. மறுநாள் தட்டிப் பார்த்தபோது பாதை கல்லாக இறுகியிருந்தது.

அந்தப் பாதையைக் குனிந்து பார்த்தவாறிருந்தபோது நான் எழுதாமல் விட்ட செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது.

குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். சிறுவனாக நான் கருங்கல்லைக் கண்டது புகையிரதப் பாதையில்தான். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. 2002 இல் ஏ-9 பாதை திறந்தபின் ஊருக்குப் போனேன். தண்டவாளமும் இல்லை, கட்டையும் இல்லை. இருந்தது ஒற்றையடிப் பாதை மட்டுமே. அவை காவலரண்களுக்குப் போன கதையைக் கட்டுரையாக எழுதினேன், அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

அன்று பாதையோரத்தில், இடம்பெயர்ந்து திரும்பியிருந்த ஒரு மூதாட்டியின் குடிசையைக் கண்டேன். வாசலில் கருங்கல் சல்லி சீராகப் பரப்பப்பட்டிருந்தது.

"மழை வந்தால் உள்ளுக்கை தண்ணி வந்திடும் தம்பி. இதைப் போட்டாப்பிறகு வடிஞ்சு போகுது," என்றார். "கோச்சி வந்தால் திருப்பிக் குடுத்திடுவன்."

அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன், ஆனால் எழுதவில்லை. காணாமற்போன தண்டவாளத்தின் முன் ஒரு கூடைக் கல் எனக்குச் செய்தியாகத் தோன்றவில்லை. 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அந்தக் குடிசையைத் தேடினேன். குடிசையும் இல்லை, மூதாட்டியைப் பற்றிச் சொல்வாரும் இல்லை. புதிய பாதையில் புதிய சல்லி நிறைந்திருந்தது.

இதைப் பேரனிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தவன், தீப்பெட்டி மட்டையால் ஒரு குடிசை செய்து பாதையோரத்தில் ஒட்டினான். வாசலில் ஒரு கரண்டி சல்லி பரப்பினான்.

"அப்பப்பா, தண்ணியைத் தெளியுங்கோ. பசையை நான் விடுறன்."

தெளித்தேன். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நான் எழுதியிருக்கவேண்டியதை இப்போது எழுதியும் விட்டேன்.