முன்னால் நின்ற சுழியம்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல் மாணவி, கணினி அறிவியல் துறை)

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு எங்கள் துறைப் பேராசிரியை பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சில நாள் மலைத்து நின்றேன். நிலவையும் தென்றலையும் பாடும் ஆற்றல் எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்த தொழில்கள் இரண்டே. ஒன்று, சிறு வயது முதல் அம்மாவின் அருகில் அமர்ந்து பழகிய பீடி இலை வெட்டுதல். மற்றொன்று, சென்ற கோடை விடுமுறையில் கற்றுக்கொண்ட தொலைபேசி எண் வெட்டுதல். இரண்டாவதில் நான் செய்த பிழையையும் அது திருந்திய விதத்தையும் நண்பர்கள் முன் வைக்கிறேன்.

முக்கூடலை அடுத்த ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பா வயல் வேலைக்குப் போகிறவர். அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். 'கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை' என்று தெருவில் எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றவும், அடுத்த பருவத்திற்கான கட்டணத்தைச் சேர்க்கவும் எண்ணி, பாளையங்கோட்டையில் மோட்டார் பம்பு செட்டுகளைப் பழுது பார்க்கும் ஒரு நிலையத்தில் விடுமுறைக்கு வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே பழைய கணினி ஒன்று தொலைபேசி இணைப்பகமாக இயங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த மென்பொருளின் பெயர் ஆஸ்டெரிஸ்க். அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர், தாம் தொடங்கிய சிறு நிறுவனத்திற்குத் தொலைபேசி இணைப்பகம் வாங்கப் பணம் போதாமல், 1999ஆம் ஆண்டில் தாமே எழுதியது அது. யாரும் விலையின்றி எடுத்து ஆளலாம். பணமில்லாத மாணவர் ஒருவர் செய்தது என்று அறிந்தபோதே அதன் மேல் எனக்கொரு பாசம் உண்டாகிவிட்டது.

நிலையத்தின் வழக்கம் இது. மோட்டார் பழுதான விவசாயி ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். கணினி அவர் எண்ணைக் குறித்துக்கொண்டு, தானே திரும்ப அழைத்து, உரிமையாளர் அண்ணாச்சியோடு இணைத்துவிடும். அழைப்பவருக்குக் காசு செலவில்லை. ஆனால் சில எண்களுக்கு அழைப்பு போகவில்லை. அதைச் சரிசெய்வதே எனக்கு இட்ட முதல் பணி.

இங்கே சற்று விளக்கம் தேவை. தொலைபேசி எண் என்று சொல்கிறோம்; உண்மையில் அது எண்ணே அன்று. அதை யாரும் கூட்டுவதில்லை, பெருக்குவதில்லை. திருநெல்வேலியின் குறியீடு 0462. அதை எண்ணாகக் கொண்டால் முன்னாலுள்ள சுழியம் மதிப்பற்றுப் போய் 462 ஆகிவிடும். ஆகவே கணினியில் அதை எழுத்துகளின் கோவையாக, அதாவது 'சரம்' என்று வைக்க வேண்டும். பூச்சரம் போல. சரத்தின் நீளத்தை அளக்கலாம், முன்னாலோ பின்னாலோ நறுக்கலாம், இன்னொன்றோடு கோக்கலாம். இவற்றைச் செய்யும் கட்டளைகளே சரச் செயற்கூறுகள்.

அந்தச் சுழியத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் 1891இல் காப்புரிமை பெற்ற தானியங்கி இணைப்பு முறையில், நாம் சுழற்றும் ஒவ்வோர் இலக்கமும் ஒரு பொறியை அத்தனை படி நகர்த்தும். பணி முடிந்த இலக்கம் அங்கேயே செலவழிந்துவிடும். எஞ்சியவை அடுத்த பொறிக்குப் போகும். நம் நாட்டில் 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரடி வெளியூர்த் தொடர்பு தொடங்கியது. 'இந்த அழைப்பு ஊருக்குள் அன்று, வெளியூருக்கு' என்று இணைப்பகத்திற்குச் சொல்லும் அடையாளமாக முன்னால் வந்து நிற்பதே சுழியம். 2021 ஜனவரி 15 முதல், தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைப்பதற்கும் முன்னால் சுழியம் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. அன்று இரும்புப் பொறி செய்த வெட்டும் வேலையை இன்று ஆஸ்டெரிஸ்கில் ஒரு வரி எழுத்து செய்கிறது. எண்ணைக் குறிக்கும் பெயரை அடுத்து ':1' என்று எழுதினால் முதல் இலக்கம் போய்விடும். ':-10' என்று எழுதினால் கடைசிப் பத்து இலக்கங்கள் மட்டும் நிற்கும்.

நிலையத்தில் இருந்த கோளாறு இதுதான். உள்ளே வந்த எண் சில வேளைகளில் சுழியத்தோடு வந்தது. திரும்ப அழைக்கும்போது கணினி இன்னொரு சுழியத்தைச் சேர்த்தது. இரண்டு சுழியம் ஆனதால் அழைப்பு போகவில்லை. கண்டுபிடித்த மகிழ்ச்சியில், முதல் இலக்கத்தை வெட்டிவிட்டுப் புதிதாகச் சுழியம் சேர்க்குமாறு ':1' என்று எழுதினேன். அண்ணாச்சியின் கைப்பேசியிலிருந்து சோதித்தோம். அழைப்பு உடனே வந்தது. "பரவால்லியே பிள்ள!" என்றார். அன்று பேருந்தில் நின்றுகொண்டு வந்தது கூட எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை, சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து பெரியவர் ஒருவர் நேரில் வந்தார். தோளில் துண்டு; முகமெல்லாம் வியர்வை. "நாலு நாளா மிஸ்டு கால் குடுத்துக்கிட்டே இருக்கேன், அண்ணாச்சி. வரமுடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் வேற ஆளப் பாத்திருப்பேன்லா" என்றார். கால்வாயில் தண்ணீர் இல்லாத நேரம். கிணற்று மோட்டாரை நம்பி முந்நூறு வாழை வைத்திருந்தாராம். குலை தள்ளும் பருவத்தில் தண்ணீர் இல்லாமல் பாதிக்கு மேல் வாடிவிட்டன என்றார். அண்ணாச்சி, "லைன் கோளாறா இருக்கும், பெரியவரே" என்று சமாதானம் சொல்லி உடனே ஆளை அனுப்பினார்.

அவர் போன பிறகு பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அவர் எண் சுழியம் இல்லாமல் பத்து இலக்கமாக வந்திருந்தது. நான் சுழியத்தை வெட்டுவதாக நினைத்து அவருடைய 9ஐ வெட்டியிருந்தேன். நாலு நாளும் கணினி ஒன்பது இலக்கத்திற்கு முன்னால் சுழியம் சேர்த்து, இல்லாத ஓர் எண்ணை அழைத்துக்கொண்டிருந்தது. அவரைப் போல இன்னும் 17 பேர் பட்டியலில் இருந்தார்கள். அண்ணாச்சிக்குத் தெரியாது. நானும் வாய் திறக்கவில்லை. லைன் கோளாறு என்றே இருக்கட்டும் என்று வீடு வந்து சேர்ந்தேன்.

இரவு அம்மா, ஊறவைத்த இலையைச் சுளகில் பரப்பி வெட்டிக்கொண்டிருந்தார். சோறு இறங்காத என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். சரம், செயற்கூறு என்றெல்லாம் சொல்லவில்லை; "எல்லா நம்பருக்கும் முன்னால ஒரே மாதிரி வெட்டிட்டேம்மா" என்றேன்.

அம்மா ஓர் இலையை விளக்கொளியில் தூக்கிப் பார்த்தார். "இலையப் பாக்காமலா கத்திரி வப்ப? நரம்பு எங்க, ஓட்ட எங்கன்னு பாத்துல்லா தகட்ட வைக்கணும்" என்றார். சற்று நேரம் பேசாமல் வெட்டினார். பிறகு, "நான் சுத்துன பீடியக் கடையில கழிச்சாம்னா என் கூலி போவும். நீ கழிச்சது அடுத்தவன் கூலியைல்லா, ஏட்டி. காலைல போயி உள்ளதச் சொல்லு" என்றார்.

மறுநாள் சொன்னேன். அண்ணாச்சி கோபப்படவில்லை, நெடுநேரம் ஒன்றும் பேசவும் இல்லை. அதைவிடக் கோபித்திருக்கலாம். பிறகு, "அந்தப் பதினேழு பேரையும் கூப்பிடு" என்றார்.

பதிவேட்டில் வெட்டிய எண்தான் இருந்தது. வந்த எண்ணை வந்தபடி சேமிக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. ஆனால் நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் நான்கு முயற்சி, மொத்தம் 68. நானே அழைத்தேன். "மோட்டார் ரிப்பேர்னு மிஸ்டு கால் குடுத்தீங்களாய்யா?" என்று முன்பின் தெரியாதவர்களைக் கேட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள். மாலைக்குள் 15 பேர் கிடைத்தார்கள். இருவர் கிடைக்கவே இல்லை. அவர்கள் யார், அவர்கள் வயல் என்ன ஆயிற்று என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பின்னர் அம்மா சொன்ன முறையில் எழுதினேன். வந்த எண்ணை முதலில் அப்படியே குறித்துக்கொள். இலக்கம் அல்லாத குறிகளை நீக்கு. நீளத்தை அள. பத்துக்குக் குறைந்தால் வெட்டாதே. மனிதர் பார்வைக்கு அனுப்பு. பத்தோ அதற்கு மேலோ இருந்தால், முன்னால் வந்து நிற்பது சுழியமா, 91ஆ என்று ஆராயாமல், பின்னாலிருந்து பத்தை எடு. பிறகு ஒரே ஒரு சுழியத்தைச் சேர். இந்த விதி தரைவழி எண்களுக்கும் பொருந்துவதைக் கண்டு வியந்தேன். திருநெல்வேலிக்கு 462உடன் ஏழு இலக்கம். அம்பாசமுத்திரத்திற்கு 4634உடன் ஆறு இலக்கம். எப்படிக் கூட்டினாலும் பத்து. முன்னால் வருபவை வழிக்கு வழி மாறும். ஒருவரை இன்னார் என்று காட்டும் பத்து மாறுவதில்லை.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் இதைவிடப் பெரிய கணினிகளுக்குக் கட்டளை எழுதப் போகிறோம். நம் கையிலுள்ள மாதிரி ஒன்று சரியாக வந்ததும் எல்லாம் சரி என்று எழுந்துவிடுகிறோம். நான் சோதித்தது முதலாளியின் எண்ணை. பொய்த்துப் போனது வாழைக்காரரின் எண். செய்முறைத் தேர்வில் ஓர் இலக்கம் தவறினால் ஒரு மதிப்பெண் குறையும். வெளியே ஓர் இலக்கம் தவறினால் என்ன குறையும் என்று நான் பார்த்துவிட்டேன்.

இன்றும் ':1' என்று எழுத நேரும்போதெல்லாம் என் விரல் ஒரு கணம் நிற்கிறது. அம்மா இலையைத் தூக்கிப் பார்க்கும் அந்த ஒரு கணம்.