பாங்க் டிரான்ஸ்பரும் பதினோரு பலகையும்

பாங்க்காரன் குடும்பத்துக்கு வீடு மாத்துறது ஊர்த் திருவிழா மாதிரி. தேதிதான் முன்னபின்ன ஆகும், வர்றது நிச்சயம். எங்களுக்கு போபால், அப்புறம் அகமதாபாத், 2024 மே மாசம் கொல்கத்தா. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜை எல்லாம் ஏத்தி இறக்கிப் பழகிடுச்சு. பழகாத ஐட்டம் ஒண்ணு இருக்கு. தங்கமணியோட தஞ்சாவூர் பெயிண்டிங் தொழில்.

தொழில் முழுக்க அவங்களோடதுங்க. பாங்க் ஆபீசர் சொந்தமா வியாபாரம் பண்ணக் கூடாது, குடும்பத்துல யாராவது பண்ணினா எழுதிக் கொடுக்கணும். கொடுத்தாச்சு. அதனால அவங்க முதலாளி. எட்டாவது படிக்கிற பொண்ணு கல் ஒட்டுற டிபார்ட்மெண்ட். கும்பகோணத்துல இருக்கிற மாமியார் போன்ல டெக்னிக்கல் அட்வைசர். நான் ஞாயித்துக்கிழமை கணக்குப்பிள்ளை, மத்த நாள் சுமைகூலி :-)

போபாலை விட்டுக் கிளம்பினப்ப பட்டது இன்னும் மறக்கலை. கத்துக்க வந்த பதினாலு பேரும் போச்சு, பழகின கடையும் போச்சு. அகமதாபாத்ல முதல் ஆர்டர் வர பத்து மாசம் ஆச்சு. அதனால கொல்கத்தா ஆர்டர் வந்த அன்னிக்கு தங்கமணி ரொம்ப நிதானமா சொன்னாங்க. "என்னங்க, இந்தத் தடவை நீங்க மட்டும் போங்க. நானும் பொண்ணும் இங்கயே இருக்கோம். இல்லேன்னா தொழிலை மூடிடறேன். திரும்பவும் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லை."

கோபமா சொல்லியிருந்தா சமாதானம் பண்ணியிருக்கலாம். நிதானமா சொன்னதுதான் உறைச்சது.

நாமதான் பி.காம் ஆச்சே, பேப்பரை எடுத்தேன். மரப்பலகை, தங்க ரேக்கு, ஜெய்ப்பூர் கல், ஃபிரேம் எல்லாம் போக மாசம் சராசரியா 15,000 ரூபாய் அவங்களுக்கு நிக்குது. ரெண்டு இடத்துல குடித்தனம் வச்சா ஒரு வாடகை நம்ம கையிலேர்ந்து. அதுவே 18,000. கணக்கு உதைக்குது. அதுக்காக மூடிடுன்னு சொல்றதா? அந்த 15,000 அவங்க பேர்ல, அவங்க கையால வர்றது. அதுக்கு எந்தப் பக்கம் பற்று எழுதுறது, எந்தப் பக்கம் வரவு எழுதுறது?

அப்பதான் ஆர்டர் நோட்டைப் புரட்டினோம். முந்தின வருஷம் மொத்தம் 31 படம். மணிநகர்ல இருக்கிற நம்மாளுங்க, அவங்க சொல்லி வந்தவங்கன்னு உள்ளூர்ல 12. மீதி 19-ம் புனே, பெங்களூரு, சென்னையிலேர்ந்து போன்லயே போட்டோ பார்த்து சொன்னது. அவங்களுக்கு படம் எந்த ஊர்லேர்ந்து வருதுன்னு கவலையே இல்லை. நிஜமா விட்டுட்டுப் போறது வகுப்பையும் அந்தப் பன்னெண்டையும் மட்டும்தான்னு ஆச்சு. தங்கமணி நோட்டை ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துட்டு "சரி, கிளம்பலாம்"னாங்க.

அடுத்த தலைவலி, பாதியில நிக்கிற பதினோரு பலகை. காலேஜ்ல ஒர்க் இன் பிராகிரஸ்னு படிச்சது கண்ணு முன்னால சுவத்துல சாஞ்சு நிக்குது. தஞ்சாவூர் படத்துல துணி ஒட்டி, பூச்சு போட்டு, கோடு வரைஞ்சு, கல் பதிச்சு, மக்கு வேலை பண்ணி, ரேக்கு ஒட்டி, கடைசியிலதான் வர்ணம். இதுல ஆபத்தான கட்டம் மக்கு. சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் குழைச்சு மேடு கட்டுறது. பாதி காஞ்ச நிலையில லாரியில குலுங்கினா விரிசல் விட்டுடும். அதனால லாரிக்கு மூணு வாரம் முன்னாடியே புது மக்கு வேலையை நிறுத்தியாச்சு. ரேக்கு ஒட்டின ஆறை முடிச்சுக் கொடுத்தாச்சு. வெறும் கோடு வரைஞ்ச நாலு அப்படியே வரட்டும். மக்கு நல்லா காஞ்ச, மூணடிக்கு ரெண்டடி ராமர் பட்டாபிஷேகம் ஒண்ணுதான் ரிஸ்க்.

அட்வான்ஸ் கொடுத்த எல்லாருக்கும் போன் பண்ணி, "ரெண்டு மாசம் தள்ளும், வேணாம்னா பணத்தைத் திருப்பித் தரேன்"னு சொன்னாங்க. ரெண்டு பேர் 7,000 ரூபாயைத் திருப்பி வாங்கிட்டாங்க. மத்தவங்க காத்திருக்கேன்னாங்க. படம் கைக்குப் போற வரைக்கும் அட்வான்ஸ் வருமானம் இல்லைங்க, கடன்.

பேக்கிங்ல ஒரு விஷயம். ரேக்கு மேல நேரா பபிள் ராப் சுத்தாதீங்க, வெயில் சூட்டுல தடம் விழும். முதல்ல பட்டர் பேப்பர், அப்புறம் பருத்தித் துணி, அதுக்கு மேல ஃபோம். படுக்க வைக்காம நிமிர்த்தி வைக்கணும். மூவர்ஸ்காரர் இன்சூரன்ஸ் தாளைப் படிச்சா கலைப்பொருளுக்குக் கிடையாதுன்னு பொடி எழுத்துல இருந்தது. ராமர் எங்களோடவே ரெண்டு ராத்திரி ஹவுரா ரயில்ல வந்தார். ரேக்கும் கல்லும் தங்கமணி கைப்பையில.

இன்னொண்ணு. ஜிஎஸ்டி பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. குஜராத் எண் 24-ல ஆரம்பிக்கும், மேற்கு வங்கம் 19. முகவரி மட்டும் மாத்தினா போதாது. புது மாநிலத்துல புதுசா வாங்கி, பழசை ரத்து பண்ணி, மூணு மாசத்துக்குள்ள கடைசி ரிட்டர்ன் போடணும். எங்க வரவு செலவு வரம்புக்கு ரொம்பக் கீழ, அதனால தப்பிச்சோம். பதிவு வச்சிருக்கிறவங்க லாரிக்கு முன்னாடி ஆடிட்டரைப் பாருங்க.

கொல்கத்தாவுல இறங்கினா ஜூன் மழை. அகமதாபாத்ல ஒரு நாள்ல காயுற மக்கு இங்க நாலு நாள் ஆகியும் பிசுபிசுன்னு இருக்கு. தங்கமணி முகம் வாடிப் போச்சு. மாமியார் போன்லயே வழி சொன்னாங்க. மெல்லிசா பல தடவை ஏத்து, ஃபேனை நிறுத்தாதே, பூஞ்சை பிடிக்காம இருக்க கோந்துல துளி மயில்துத்தம் சேரு (விஷம், கை ஜாக்கிரதை). வேலை மெதுவாச்சு, ஆனா நிக்கலை. ராமர் ஆகஸ்ட்ல புனே போய்ச் சேர்ந்தார். நவராத்திரிக்கு முன்னாடி லேக் மார்க்கெட் பக்கம் மூணு பேரோட வகுப்பும் ஆரம்பிச்சாச்சு. அதுல ஒருத்தர் பெங்காலி மாமி, துர்க்கை வரையணுமாம்.

அந்த வருஷம் வருமானம் பாதிதான். ஆனா பத்து மாசக் காத்திருப்பு இல்லை. டிரான்ஸ்பர்னாலே வீட்டம்மா தொழில்தான் முதல்ல மூட்டை கட்டணும்னு நம்ம வீடுகள்ல ஒரு எழுதாத சட்டம் இருக்கு. அதுக்குத் தலையாட்டுறதுக்கு முன்னாடி ஆர்டர் நோட்டை எடுத்து, எந்த வாடிக்கை ஊரோடது, எந்த வாடிக்கை கையோடதுன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க.