மூணாற்றில் ஒரு வெள்ளைக் காலை

தமிழில் பருவங்கள் ஆறு. அவற்றுள் இரண்டு பனிக்கு உரியவை: முன்பனி, பின்பனி. நம் நாட்டுப் பிள்ளைகள் இந்தப் பெயர்களை மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் பனியைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் பனி என்றால், விடியற்காலையில் பெர்ணம் ஆற்றின் மேலும் மரங்களுக்கு இடையிலும் புகைபோலத் தவழ்ந்து, வெயில் ஏறியதும் மறையும் மூட்டம்தான். கேமரன் மலைக்குப் போனால் குளிரும். அங்கே 1978 பிப்ரவரி முதல் தேதி 7.8 டிகிரிவரை இறங்கியதே பெரிய குளிராக இன்றும் பேசப்படுகிறது. தண்ணீர் உறைய வேண்டுமானால் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும் அல்லவா?

அந்தப் பூஜ்யத்தைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு, ஒரு தை மாதப் பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது. எங்கள் முன்னோர் காலத்தில், ஒரே ஊரிலிருந்து சிலர் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள். சிலர் மலையேறி மூணாற்றுக்குப் போனார்கள். நாம் பால்மரத்துக்கு, அவர்கள் தேயிலைக்கு. அப்படிப் போன வழியில் வந்த பெரியப்பா மகன் வீட்டுக்குத்தான் பயணம்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம். பிறகு மதுரை, தேனி, போடிநாயக்கனூர் என்று பேருந்து. போடிமெட்டு மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு என் எட்டு வயது மகளுக்குத் தலைசுற்றல். ஐந்து வயது மகனுக்கோ ஒரே கும்மாளம். ஏலக்காய்த் தோட்டங்களைத் தாண்டியதும், மலைச்சரிவெல்லாம் பச்சைப் பாய் விரித்ததுபோல் தேயிலை! முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடமாதலால் மூணாறு என்று பெயர். கேரள மாநிலம்தான், ஆனால் லயத்து வாசலில் கேட்பதெல்லாம் தமிழ். 2005ஆம் ஆண்டில் இங்குள்ள கண்ணன் தேவன் தோட்டங்கள் புதிய நிறுவனத்துக்கு மாறியபோது, தொழிலாளர்களும் அதில் பங்குதாரர்கள் ஆனார்கள் என்பது நம்மவர் அறிய வேண்டிய செய்தி.

மறுநாள் விடியுமுன் அண்ணன் எங்களை எழுப்பினார். "பிள்ளைகளுக்குக் கம்பளியைப் போர்த்திக் கூட்டிட்டு வாங்க தம்பி" என்றார். லயத்துக்குக் கீழே, ஓடையோரப் புல்வெளி. அடடா! புல் நுனியெல்லாம் உப்பைத் தூவியதுபோல் வெள்ளை. வேலிக் கம்பியில் வெள்ளை, ஜீப்பின் கூரையில் வெள்ளை. மகள் நகத்தால் சுரண்டி எடுத்துப் பார்த்தாள். மகன் அதை நாக்கில் வைத்து, "பெரியம்மா, ஐஸ் கச்சாங்! ஆனா இனிப்பே இல்லை" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டோம். காலடியில் புல் நொறுநொறுவென்று முறிந்தது. அவர்கள் ஓடிய தடம் பச்சைக் கோடாகப் பின்னால் நீண்டது.

இது மேகத்திலிருந்து விழும் பனிமழை அன்று, உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத இரவில், பகலில் பூமி வாங்கிய சூடு தடையின்றி வானுக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. காற்றிலுள்ள ஈரம் புல்லின் மேல் படிந்து பனிக்கட்டியாகிறது. கேமரனும் உயரமான மலைதான். ஆனால் அது பூமத்திய ரேகைக்கு இன்னும் அருகில் இருக்கிறது. ஆண்டு முழுதும் ஈரமும் மேகமும் போர்வைபோல் மூடிக் காக்கின்றன.

வெயில் வந்தது. பத்து நிமிடத்தில் அத்தனை வெள்ளையும் நீர்த்துளியாகிவிட்டது. பிள்ளைகளின் முகம் வாடியது. "நாளைக்கும் வருமா பெரியம்மா?" என்று கேட்டாள் மகள். மதினி உடனே பதில் சொல்லவில்லை. எங்களைத் தேயிலைப் பக்கம் அழைத்துப் போனார். பள்ளத்திலிருந்த செடிகளின் மேல்தளம், நெருப்புப் பட்டதுபோல் பழுப்பாகக் கருகியிருந்தது. முந்தின நாள்களின் பனி அது.

"தைப் பனி தரையைத் துளைக்கும்னு சொல்லுவாங்க. இங்க எங்க வயித்தைத் துளைக்குது தம்பி" என்றார் மதினி. "கருகின செடியில கொழுந்து ஏது? எடைக்கு மேல பறிச்சாக் கிலோவுக்குக் கூடுதல் காசு வரும். இனி இது தளிர்க்கிறவரைக்கும் அந்தக் காசு இல்லை."

இலைக்குள்ளிருக்கும் நீர் உறைந்து, பிறகு வெயிலில் சட்டென்று உருகும்போது இலை செத்துப்போகிறது. இளஞ்செடிகளை இலைதழைகளால் மூடிக் காப்பாற்றலாம். மலை முழுவதையும் மூட முடியுமா? 2019 ஜனவரியில் மூணாற்றில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியபோது, பனி பார்க்கச் சுற்றுலாக் கூட்டம் திரண்டது. அதே பனியில் ஏராளமான தேயிலை கருகியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் புல்வெளியைப் படம் எடுத்தார்கள். லயத்துக்காரர்கள் செடியைப் பார்த்தார்கள்.

நமக்கு இது புரியாத கதையா? மழை பெய்தால் பட்டணத்துப் பிள்ளைக்குக் காகிதக் கப்பல். பால்வெட்டுக்காரர் வீட்டிலோ மரம் நனைந்தது, மங்கில் பால் இல்லை, அன்றைக்குப் பேர் இல்லை. இன்று பால்மரக் காடுகள் பல செம்பனையாகிவிட்டன. ஆனாலும் வானத்தைப் பார்த்து வயிற்றை எண்ணிய பழக்கம் நம் பெரியவர்களை விட்டுப் போகவில்லை.

திரும்பும்போது பேருந்தில் மகள் நெடுநேரம் சன்னலோரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பா, பனி புல்லுல மட்டும் விழுந்து, தேயிலையில விழாம இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

பெற்றோர்களே, வசதி கூடும்போது பிள்ளைகளை நாலு இடம் அழைத்துப் போங்கள். அழகைக் காட்டுங்கள், மனம்போல ஓடி விளையாட விடுங்கள். அப்படியே அந்த இடத்தில் உழைக்கிறவர் வீட்டுத் திண்ணையிலும் சற்று நேரம் உட்காரவையுங்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம் அங்கே இருக்கிறது.