முளையும் பயிரும்

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நம்மிடையே அடிக்கடி எடுத்தாளப்படும் பழமொழி. பள்ளி ஆண்டு விழா மேடை எதிலும் இதைக் கேட்காமல் எழுந்து வந்ததாக நமக்கு நினைவில்லை. ஆனால் உழவர் ஒருவர் இதைச் சொல்லிக் கேட்டதும் இல்லை. ராசிபுரம் வட்டாரத்தில் மரவள்ளி பயிரிடுகிற எவரிடமாவது கேட்டுப் பாருங்கள். குச்சி நன்றாகத் துளிர்த்திருக்கிறது என்பார். அதற்குமேல் பேச்சுக் கொடுக்கமாட்டார். மழை இருக்கிறது, மாவுப்பூச்சி இருக்கிறது. பத்து மாதம் கழித்துக் கிழங்கைப் பிடுங்கி, சேகோ ஆலைக்கு ஏற்றிப்போய், மாவுச்சத்துக்குப் 'பாயிண்ட்' பார்க்கும்வரை கிடைக்கப்போகும் விலை அவருக்குத் தெரியாது. இந்தப் பழமொழியை உறுதியாக நம்புகிறவர்கள் பெரும்பாலும் பயிரிடாதவர்களாகவே இருக்கிறார்கள்.

கிரிக்கெட் பார்க்கிற நாமும் அந்த வகையினரே. பதினேழு வயதுப் பையன் ஒருவன் நான்கு பந்து நன்றாக வீசிவிட்டால் போதும், அவனுடைய அடுத்த பதினைந்து ஆண்டுகளை நாம் எழுதி முடித்துவிடுகிறோம். பிறகு அவன் அவ்வாறு வாழவில்லை என்று வருந்துகிறோம். சில நேரம் கோபமும் கொள்கிறோம். 'வந்திருக்க வேண்டியவர், வீணாகிப் போனார்' என்ற தீர்ப்பு தேநீர்க் கடைப் பேச்சில் ஒரே மூச்சில் வழங்கப்படுகிறது. அந்தத் தீர்ப்பைச் சற்று நின்று பார்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் முதலில் வருகிற பெயர் லட்சுமணன் சிவராமகிருஷ்ணன். 1965 டிசம்பர் 31 அன்று சென்னையில் பிறந்தவர். மணிக்கட்டைச் சுழற்றி லெக் ஸ்பின் வீசுகிற, மெலிந்த உடல்வாகு கொண்ட சிறுவன். ரஞ்சிக் கோப்பைக்கு அறிமுகமான 1981-82 பருவத்தில் தில்லி அணியின் ஏழு விக்கெட்டுகளை 28 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். 1983 ஏப்ரலில் ஆண்டிகுவாவில் முதல் டெஸ்ட். அன்று அவருக்கு வயது 17. அதுவரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்களில் அவரே மிக இளையவர். அந்த ஆட்டத்தில் ஒரு விக்கெட்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து அணி இந்தியா வந்தது. பம்பாய் டெஸ்டில் 64 ஓட்டங்களுக்கு ஆறு, 117 ஓட்டங்களுக்கு ஆறு என மொத்தம் பன்னிரண்டு விக்கெட். தில்லியில் முதல் இன்னிங்ஸிலும் ஆறு. அந்தத் தொடரில் மட்டும் 23 விக்கெட். தொடரை இந்தியா இழந்தது. ஆனால் ஒரு மேதை கிடைத்துவிட்டார் என்று நாடு நம்பியது.

1985 மார்ச் 10 அன்று மெல்போர்னில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பாகிஸ்தானின் ஜாவேத் மியான்டட் 48 ஓட்டங்களுடன் நிலைத்து நிற்கிறார். சிவராமகிருஷ்ணன் வீசிய பந்தை அடிக்க இறங்கி வருகிறார். பந்து அவரைத் தாண்டித் திரும்புகிறது. விக்கெட் கீப்பர் சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பிங் செய்கிறார். வீசியவருக்கு 19 வயது, பிடித்தவருக்கு 22. இந்த இருவரும் சேர்ந்து இன்னும் பத்து ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடுவார்கள் என்று அன்று யாரிடம் சொல்லியிருந்தாலும் மறுத்திருக்கமாட்டார்கள்.

நடந்தது வேறு. விஸ்வநாத் அதே ஆண்டு இலங்கையில் மூன்று டெஸ்ட் ஆடினார், அவ்வளவுதான். சிவராமகிருஷ்ணனின் கடைசி டெஸ்ட் 1986 ஜனவரி 2 அன்று சிட்னியில் தொடங்கியது. அவருக்கு இருபது வயது நிறைந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். இங்கிலாந்துத் தொடரின் 23ஐக் கழித்துவிட்டால் எஞ்சுவது மூன்று.

லெக் ஸ்பின் என்பது கிரிக்கெட்டின் மிகக் கடினமான கலைகளுள் ஒன்று. விரலால் சுழற்றுகிறவருக்கு வாய்க்கிற கட்டுப்பாடு மணிக்கட்டால் சுழற்றுகிறவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. ஓர் அங்குலம் பிசகினால் பந்து மட்டைக்காரரின் காலடியில் முழுமையாக விழும், அல்லது பாதித் தொலைவிலேயே குத்தி எழும். இரண்டுமே எல்லைக்கோட்டுக்குப் போகும். எனவே இதைப் பழக ஆண்டுகள் வேண்டும்; பழகும் காலத்தில் அடி வாங்குவதைப் பொறுத்துக்கொள்கிற தலைவரும் தேர்வாளரும் வேண்டும். இதே சிட்னி மைதானத்தில் ஆறு ஆண்டுகள் கழித்து, 1992 ஜனவரியில், இந்தியாவுக்கு எதிராக ஒரு லெக் ஸ்பின்னர் அறிமுகமானார். 150 ஓட்டங்களைக் கொடுத்து ஒரே ஒரு விக்கெட் எடுத்தார். ஷேன் வார்ன் என்கிற அந்த இளைஞருக்கு அப்போது வயது 22. பிற்காலத்தில் அவர் 708 டெஸ்ட் விக்கெட் எடுத்தது உலகறிந்த செய்தி. அந்த வயதில் நம்முடைய சிவராமகிருஷ்ணனின் டெஸ்ட் வாழ்க்கை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் வாழ்நாள் முழுவதும் நிறத்தின் காரணமாக ஒதுக்கப்பட்டதாக அவர் 2021இல் வெளிப்படையாக எழுதினார். 'மேதை' என்று ஊரே கொண்டாடிய நாள்களுக்குள் இப்படியும் ஒன்று இருந்திருக்கிறது.

நம் தலைமுறையின் கதை வினோத் காம்ப்ளியுடையது. 1993இல் நாம் பள்ளி மாணவர். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் தூர்தர்ஷன். பிப்ரவரியில் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக 224. மார்ச்சில் தில்லியில் ஜிம்பாப்வேக்கு எதிராக 227. பின்னர் இலங்கைப் பயணத்தில் மேலும் இரண்டு சதங்கள். பதினான்கே இன்னிங்ஸில் ஆயிரம் ஓட்டங்கள். 1988இல் பள்ளி ஆட்டமொன்றில் சச்சினுடன் சேர்ந்து 664 ஓட்டங்கள் குவித்தவர் என்பதும், அதில் சச்சின் 326, இவர் 349 என்பதும் எங்களுக்கெல்லாம் வாய்ப்பாடுபோல் மனப்பாடம். 1995 நவம்பரில் காம்ப்ளி தம் கடைசி டெஸ்டை ஆடினார். வயது 23. பதினேழு டெஸ்டுகளில் சராசரி 54.20. அந்தச் சராசரியை எட்டாமலே ஓய்வுபெற்ற பெரும்புகழாளர்கள் எத்தனையோ பேர். ஆயினும் காம்ப்ளி என்றதும் நம் வாயில் வருகிற சொல் 'வீண்' என்பதுதான்.

ஏன் என்று யோசித்தால், 'அடுத்த' என்ற சொல்லில் போய் நிற்கவேண்டியிருக்கிறது. பதினேழு வயதில் டெஸ்ட் ஆடவந்த மணீந்தர் சிங் அடுத்த பேடி ஆனார். காம்ப்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு சச்சின் நின்றுகொண்டிருந்தார். நம் ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் சுமந்த ஆர்.கே. நாராயண், 1935இல் வெளிவந்த 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில் இதை எழுதியிருக்கிறார். பந்து வீசத் தெரிந்த சுவாமிநாதனுக்கு அவன் தோழன் ராஜம், இங்கிலாந்தின் அன்றைய பெரும் பந்துவீச்சாளர் மாரிஸ் டேட்டின் பெயரைச் சூட்டிவிடுகிறான். அதன்பின் சுவாமி 'டேட்' ஆகிவிடுகிறான். முக்கியமான ஆட்டம் நெருங்குகிறது. பையன் பள்ளியிலிருந்து ஓடி, காட்டில் வழிதவறி, ஆட்ட நாளில் வந்துசேர முடியாமல் போகிறான். ராஜம் அவனை மன்னிப்பதில்லை. சிரித்துக்கொண்டே படிக்கிற நாவல்தான். ஆனால் கடைசிப் பக்கங்களை இன்று மாணவர்களுக்கு விளக்கும்போது சிரிப்பு வருவதில்லை. டேட் என்ற பெயரைச் சுவாமி கேட்டு வாங்கவில்லை. கொடுத்தவன்தான் கணக்கும் கேட்கிறான்.

கணக்கு என்றதும் இன்னொரு ஒப்பீடு. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி ராசிபுரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அவ்வூரின் தங்கராசு நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேயே ஆடிக்கொண்டிருந்தவர். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள் போட்டியிலும் இருபது ஓவர் போட்டியிலும் அறிமுகமாகி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டும் ஆடினார். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர். அவர் திரும்பி வந்தபோது ஊர் கூடிச் சாரட்டு வண்டியில் ஏற்றி ஊர்வலம் நடத்தியது. பின்னர் முழங்காலில் அறுவை சிகிச்சை. இந்திய அணிக்காக அவர் ஆடியது அந்த ஒரே டெஸ்ட். ஒரு டெஸ்ட் ஆடியவரைச் சாதனையாளர் என்கிறோம். அது முற்றிலும் சரி. ஒன்பது டெஸ்ட் ஆடி ஓர் ஆட்டத்தில் பன்னிரண்டு விக்கெட் எடுத்தவரைத் தவறிப்போனவர் என்கிறோம். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை என்பது தெளிவு. ஒருவருக்குப் பூச்சியத்திலிருந்து எண்ணினோம். மற்றவருக்கு நாம் கற்பனை செய்த உச்சியிலிருந்து இறங்கி எண்ணினோம்.

எண்ணப்படாமலே போனவர்களும் உண்டு. 1988-89 பருவத்தில் கோவாவுக்கு எதிராகத் தமிழ்நாடு ஆறு விக்கெட்டுக்கு 912 ஓட்டங்கள் குவித்தது. டபிள்யூ.வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதங்கள்! அர்ஜன் இந்தியாவுக்கு ஒருமுறைகூட ஆடவில்லை. ராமன் அந்தப் பருவத்தில் 1018 ஓட்டங்கள் எடுத்து ரஞ்சி வரலாற்றில் புதிய எல்லை வகுத்தார். 1992இல் தென்னாப்பிரிக்க மண்ணில் ஒருநாள் சதம் அடித்த முதல் இந்தியரும் ஆனார். டெஸ்ட் வாழ்க்கை பதினொன்றோடு நின்றது. ஆனால் வாழ்க்கை நிற்கவில்லை. அவர் பயிற்சியளித்த இந்திய மகளிர் அணி 2020இல் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதியாட்டம்வரை சென்றது. சிவராமகிருஷ்ணனும் டெஸ்ட் அணியிலிருந்து விலகிய பிறகு சும்மா இருக்கவில்லை. 1987-88இல், 33 ஆண்டுகளுக்குப் பின், தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். பிறகு வர்ணனையாளராக நெடுங்காலம் கிரிக்கெட்டோடு வாழ்ந்தார். நம் தீர்ப்பு இருபது வயதோடு எழுதி முடிக்கப்படுவதால் இவையெல்லாம் அதில் இடம்பெறுவதில்லை.

இது கிரிக்கெட்டோடு நிற்கிற செய்தியாக இருந்தால் இவ்வளவு நீட்டி எழுதியிருக்கமாட்டோம். நாமக்கல், ராசிபுரம் பகுதி விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்றது. தேர்வு முடிவு வரும் நாள்களில் சாலையோரமெங்கும் மாணவர் முகங்கள் தாங்கிய பதாகைகள் எழும். 2017இல் அரசு மாநிலத் தரவரிசை அறிவிப்பை நிறுத்தியது. பதாகைகளின் மொழி மாறியதே தவிர, எதிர்பார்ப்பு குறையவில்லை. அந்தப் பதாகையில் இடம்பெற்ற முகம் எப்போதாவது நம் தமிழ் இலக்கிய வகுப்பின் மூன்றாம் பெஞ்சில் வந்து அமர்வதுண்டு. சேர்க்கை நாளன்று ஒரு தகப்பனார், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "டாக்டருக்குப் போயிருக்க வேண்டிய புள்ளைங்க ஐயா. இப்படி ஆயிப்போச்சுங்க" என்றார். அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது. எங்கும் தோற்றிருக்கவில்லை. பள்ளித் தேர்வில் அவள் எடுத்திருந்த மதிப்பெண் நம் வகுப்பில் வேறு யாரும் எடுக்காதது. ஆனாலும் முதல் பருவம் முழுவதும், ஏதோ தண்டனை அனுபவிப்பவள்போல் தலை நிமிராமல் அமர்ந்திருந்தாள். சங்கப் பாடல்களில் அவளுக்கு இருந்த நுட்பமான ரசனையை அவள் தாமே ஒரு பொருட்டாகக் கருதுவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

திறமை வீணாவதே இல்லை என்று நாம் வாதிடவில்லை. ஆட்டக்காரர் ஒழுங்கு தவறுவதும் உண்டு, காயமும் உண்டு, தேர்வாளர் பொறுமையின்மையும் உண்டு. பம்பாயில் அந்தச் சிறுவன் வீசிய பந்துகளைப்போல் இன்னும் ஐநூறு விக்கெட்டுகளுக்கான பந்துகள் வீசப்படாமலே போனது உண்மையான இழப்பு. வருந்தத்தக்கதுதான். ஆனால் அந்த இழப்பு பார்வையாளரான நம்முடையது. பார்க்கக் கிடைத்திருக்கவேண்டிய அழகு நமக்குக் கிடைக்கவில்லை என்று வருந்துவதில் தவறில்லை. அதற்குத் 'தோல்வி' என்று பெயரிட்டு அவர் கணக்கில் எழுதும்போதுதான் அநியாயம் நேர்கிறது. நாம் கண்ட கனவை நிறைவேற்றுவதாக அவர் எங்கும் கையெழுத்திட்டுத் தரவில்லை.

மெல்போர்னில் மியான்டட் ஏமாந்த அந்த ஒரு பந்து இன்றும் காணொளியாகக் கிடைக்கிறது. நண்பர்கள் தேடிப் பார்க்கலாம். அதன்பின் என்ன ஆயிற்று என்பதை மறந்துவிட்டு, அந்தப் பந்துக்காகவே அதைப் பார்க்கவேண்டும் என்பது நம் விண்ணப்பம். பந்து காற்றில் தாழ்ந்து, விழுந்து, திரும்புகிறது. பத்தொன்பது வயதில் ஒருவர் அவ்வளவு செய்திருக்கிறார்.